நானூறு வருடத் துருவும் அரைக் கிலோ பழப்புளியும்

சிட்னித் தமிழருக்கு ஐம்பது வயதுக்குள் மூன்றில் ஒன்று வந்தே தீரும்: சீனி வருத்தம், இரண்டாவது வீடு, அல்லது பொழுதுபோக்கு. எனக்கு முதலாவது நாற்பத்தாறிலேயே வந்துவிட்டது. இரண்டாவதற்கு வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியது பொழுதுபோக்கு.

மற்றவர்கள் கோல்ஃப் விளையாடினார்கள், பின்வளவில் முருங்கை வளர்த்தார்கள். நான் பழைய ஜப்பானிய வாள்கள் சேகரிக்கப் போனேன். இன்றுவரை நான் சேகரித்தது மொத்தம் ஒரு வாள். கெடுத்ததும் ஒரு வாள். இரண்டும் ஒரே வாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதை விட இது மரியாதை.

எல்லாம் ஒரு பழம்பொருள் சந்தையில் தொடங்கியது. லிட்கமில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு மண்டபம். மனைவி சுமதி பழைய பித்தளைப் பாத்திரம் தேடிப் போனாள். நான் அவள் பையைத் தூக்கப் போனேன். மூலையில் ஒரு மேசை. அதன் பின்னால் வெள்ளைத் தாடியும் கண்ணாடியுமாக ஒரு மெலிந்த மனிதர். மேசையில் ஒரேயொரு வாள். உருவிக் காட்டினார். அலகின் கூர்ப்பக்கம் நெடுகிலும் மூடுபனி படிந்தாற்போல் ஒரு வெண்கோடு ஓடியது. விளக்கைக் கொஞ்சம் சரித்தார். பனி அசைந்தது. இரும்புக்குள் பனி அசைவதை நான் அதுவரை கண்டதில்லை. இத்தனைக்கும் இரும்பைப் பார்ப்பதுதான் என் தொழில்.

அதைச் சொல்லியாக வேண்டும். நான் ரயில் பெட்டிகள் திருத்தும் பணிமனையில் பரிசோதகன். பெட்டியின் அடியில் படுத்து, டோர்ச் அடித்து, துரு (எங்கள் வீட்டுப் பேச்சில் கறள்) எங்கே பிடித்திருக்கிறது என்று தேடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். துருவைக் கண்டால் சுரண்டு, தேய், அழி. இருபது வருடமாக இதுதான் மந்திரம். (பக்கத்து வீட்டு கேற்றில் துரு கண்டால்கூட எனக்குக் கை அரிக்கும். அவர்கள் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை தேய்த்தும் விட்டிருக்கிறேன்.)

அந்த மனிதரின் பெயர் கிரஹாம். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், மனைவியை இழந்தவர். நீல மலைப் பக்கம் தனியாக இருந்தார். அவரிடம் ஒன்பது வாள்கள் இருந்தன. வயது ஏறிக்கொண்டே போவதால் ஒவ்வொன்றாக "நல்ல கை" பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு உள்ள கை வேறு, நல்ல கை வேறு என்பது அவர் கட்சி. ஒரு வழக்கறிஞர் இரண்டு மடங்கு விலை சொன்னாராம். எங்கே வைப்பாய் என்று கிரஹாம் கேட்டிருக்கிறார். வீட்டு மது பாருக்கு மேலே சுவரில் மாட்டுவேன் என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது.

ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் மலையேறினேன். வாளுக்குப் பொடி ஒற்றவும் மெல்லிய தாளால் துடைக்கவும் எண்ணெய் தடவவும் கற்றுக்கொண்டேன். கராம்பு மணக்கும் எண்ணெய் அது. வெறும் அலகை வெளியே எடுத்தால் அதன் முன் பேசக்கூடாது, எச்சில் தெறித்தால் கறை பிடிக்கும். ஆகவே வாயில் ஒரு தாளைக் கவ்விக்கொள்ள வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். மிச்சத்தை வீடியோ பார்த்து நானே கற்றேன். சொல்லப்போனால், ஆறு மாத முடிவில் கிரஹாமைவிட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் என்றுதான் மனதுக்குள் ஓர் எண்ணம்.

ஒரு சனிக்கிழமை அவர் வாளைப் பட்டுறையில் சுற்றி என் கையில் தந்தார்.

"இரண்டு கிழமை உன் வீட்டில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பேன். நீ வைத்திருக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தால், பேசிய விலைக்கு உன்னுடையது. பிடிக்காவிட்டால் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். கோபிக்கக் கூடாது." (அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன். பின்னால் வரும் கெட்ட சொற்களை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

கார்க் கதவை மூடும்போது இன்னொன்று சொன்னார்: "பிடியைக் கழற்றாதே. தேவையில்லை."

அந்த இரண்டு கிழமையும் என் வீடு வீடாக இல்லை. சிற்றிங் றூமில் ஈரப்பதம் அளக்கும் கருவி வைத்தேன். பொரியல் தடை, சாம்பிராணி தடை. நாள்தோறும் மாலை கையுறை போட்டு வாளை எடுக்கும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"உங்கட சாமான்ர மணத்தில வீடு முழுக்கப் பிரியாணி வாசம். ஆனா சாப்பாட்டுக்குச் சோறும் பருப்பும்," என்றாள் சுமதி.

மகள் அபி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். தலையை நிமிர்த்தாமலே, "டாட், இட்ஸ் எ நைஃப்," என்றாள். அவளோடு மூன்று நாள் பேசவில்லை.

இந்த நிலையில் மெல்போர்னிலிருந்து ஈசன் அத்தான் வந்து இறங்கினார். என் அக்காவின் கணவர். அக்கா வேலையில் லீவு கிடைக்காமல் நின்றுவிட, இவர் விடுமுறைக்குத் தனியாக வந்திருந்தார். கிரெய்கிபர்னில் இரண்டாவது வீடு வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டின் குளியலறை ஓடு வரைக்கும் ஃபோனில் படம் வைத்திருந்தார். பதினேழாவது படத்தில் நான் பொறுக்க முடியாமல் வாளை எடுத்து வந்தேன். அவர் வாய் திறக்குமுன் அந்த வாய்க்குள் ஒரு டிஷ்யூவைச் செருகினேன்.

உறுதியாகச் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குப் பிறகு ஈசன் அத்தான் கால் மணி நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அன்றுதான். வாளை உறைக்குள் போட்டதும் டிஷ்யூவைத் துப்பிவிட்டு, "சாமான் திறம்தான்டா ரவி. ஆனா வாடகை வராதே," என்றார்.

கிரஹாம் வருவதாகச் சொன்ன ஞாயிறு எங்கள் வீட்டு வாணி விழா. (பஞ்சாங்கப்படி அது புதன்கிழமை. சிட்னியில் சாமியும் ஞாயிறு பார்த்துத்தான் வரும்.) சரஸ்வதி படத்துக்கு முன்னால் அபியின் லப்டொப், சுமதியின் தையல் மெஷின், என் டோர்ச், எல்லாவற்றுக்கும் நடுவில் வாள் என்று மனதில் படம் வரைந்து வைத்திருந்தேன். ஆயுதம் என்று சொல்லி வருடா வருடம் ஸ்குரூ ட்றைவரை வைத்துக் கும்பிட்ட குடும்பத்தில் முதன்முறையாக உண்மையான ஆயுதம்!

சனிக்கிழமை பின்னேரம் பூசைக்குரிய சாமான்களை மினுக்கும் வேலை நடந்தது. சுமதி பின்வளவில் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து வாளோடு உட்கார்ந்திருந்தேன். அலகு கண்ணாடி. உறையில் ஒரு தூசி இல்லை. செய்ய வேலை எதுவும் மிஞ்சவில்லை. வேலை மிஞ்சாத மனிதன் ஆபத்தானவன்.

பிடியைக் கழற்றாதே என்று ஏன் சொன்னார்?

பிடியில் ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். தட்டினேன். கழன்றது. அலகின் வால்ப்பகுதி, பிடிக்குள் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தது, வெளியே வந்தது.

கறுப்புத் துரு. ஒரு சாண் நீளத்துக்குக் கட்டிக் கறுப்புத் துரு.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பளிச்சென்று விளங்கியது. இதுதான் பரீட்சை! கிழவன் துருவை உள்ளே ஒளித்து வைத்துவிட்டு, கழற்றாதே என்று வேறு சொல்லி, இவன் மேலோட்டமாகத் துடைக்கிறவனா, உள்ளே போய்ப் பார்க்கிறவனா என்று சோதிக்கிறான். அந்த வழக்கறிஞர் இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டார். நானோ துரு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன்!

"சுமதி, அந்தப் புளியில கொஞ்சம் தா."

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னத்துக்கு? இஞ்சேருங்கோ, உது அந்த மனுசன்ர சாமான். ஒருக்கா ஃபோன் அடிச்சுக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்."

"கேட்டுச் செய்தா அது சோதினையே?"

"என்ன சோதினை? ஆர் உங்களுக்குச் சோதினை வைச்சது?"

அபி யன்னலால் எட்டிப் பார்த்து, "அப்பா, ஜஸ்ட் கூகுள் இட்," என்றாள். (அவள் சொல்வது சரியாக இருக்கும்போதுதான் எனக்கு அவள் தமிழ் படிக்கவில்லையே என்ற கவலை வரும்.)

ஈசன் அத்தான் மட்டும் என் பக்கம் நின்றார். "நாளைக்குப் பூசைக்கு வைக்கிற சாமானைக் கறளோட வைக்கலாமே? மினுக்கடா," என்று தேநீரோடு கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீடு விற்பதற்கு முன் சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் தத்துவத்தையும் விளக்கினார்.

அரைக் கிலோ பழப்புளிப் பக்கற்றில் பாதி, ஒரு கைப்பிடி உப்பு, பிறகு சட்டி தேய்க்கும் கம்பிப்பஞ்சு. இரண்டு மணி நேரம். தோள் விட்டுப்போயிற்று. துரு சும்மா போகவில்லை, அது போராடியது. துருவுக்கு அடியில் உளியால் வெட்டிய சில எழுத்துகள் இருந்தன. அவற்றின் இடுக்குகளிலும் அழுக்கு இருக்கக் கூடாதே என்று பழைய பல்துலக்கியால் தோண்டினேன். கடைசியில் வால்ப்பகுதி புதுச் சில்வர் கரண்டி மாதிரி மின்னியது. ஈசன் அத்தான் அதில் தன் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தார்.

மறுநாள் பூசை முடிந்தது. அலகில் கை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்; நான் என்ன மடையனா? ஆகவே சந்தனமும் குங்குமமும் வால்ப்பகுதியில் வைத்தேன். மூன்று பொட்டு. அதற்கு மேல் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினேன். திரை நீக்கும் யோசனை ஈசன் அத்தானுடையது.

கிரஹாம் சொன்ன நேரத்துக்கு வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கை கழுவினார். சரஸ்வதி படத்தைப் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு, ஒழுங்கு தெரிந்த மனிதரல்லவா, தன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து உதடுகளுக்கிடையில் கவ்விக்கொண்டு வாளின் முன் முழந்தாளிட்டார்.

அலகை நுனியிலிருந்து பார்த்து வந்தார். மெதுவாக, விளக்கைச் சரித்துச் சரித்து. அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் கண்டேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை மேற்பார்வையாளரும் என்னைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை. ஒரு விரலை உயர்த்தி, 'இருங்கள், இன்னும் இருக்கிறது' என்று சைகை காட்டிவிட்டு, பட்டுத் துண்டை இழுத்தேன்.

"ம்," என்றார் கிரஹாம்.

பிறகு, "ம்ம்ம்ம்!"

வாயில் தாள். பேச முடியாது. ஐம்பது வருடப் பழக்கம், வெறும் அலகின் முன் அவர் வாய் திறக்க மாட்டார். முகம் சிவந்தது. சிவப்பு கத்தரிப்பூ நிறமாகியது. கண் நிறைந்தது.

"பாத்தியே, மனுசன் ஆடிப்போனார்," என்றார் ஈசன் அத்தான் என் காதில்.

கண்ணீரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆறு மாதச் சனிக்கிழமைகள்! நான் குனிந்து கிரஹாமை இறுகக் கட்டியணைத்தேன். முதுகில் தட்டியும் கொடுத்தேன். அவர் உடம்பு நடுங்கியது. அது உணர்ச்சி என்று நினைத்தேன். உணர்ச்சிதான். ஆனால் நான் நினைத்த உணர்ச்சியல்ல.

அவர் என் கையை விலக்கிவிட்டு எழுந்தார். குசினி வழியாகப் பின்வளவுக்குப் போனார். உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்று, வாயிலிருந்த தாளை எடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்தார். அதன் பிறகு ஒரு சொல் சொன்னார். ஒரே சொல். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அந்தச் சொல்லை மொழிபெயர்க்கச் சொல்லி ஈசன் அத்தான் கேட்டபோது, அபி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுமதிதான் அவரைக் குசினிக் கதிரையில் இருத்திப் பிளேன் டீ கொடுத்தாள். அவர் ஒரு மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், என்னிடம் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அந்தத் துருதான் அதன் பிறப்புச் சான்றிதழ். நிறத்தைப் பார்த்து வயது சொல்வார்கள். நானூறு வருடமாக எத்தனையோ கைகள் மாறியிருக்கிறது. போர் வந்திருக்கிறது, கப்பலில் வந்திருக்கிறது. ஒருவர்கூட அதைத் தொடவில்லை. அந்த எழுத்துகள் செய்தவனின் கையெழுத்து. இப்போது ஓரம் மழுங்கிப் பெருவிரல் அடையாளம் மாதிரிக் கிடக்கிறது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"நாற்பது வருடம் பல் சுரண்டினேன், ரவி. எதைச் சுரண்டலாம், எதைச் சுரண்டக் கூடாது என்பதுதான் முழுத் தொழிலும்." மோதகத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அலகைப் பார்த்தேன். ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. நான் வைத்திருந்ததை விட நன்றாக வைத்திருக்கிறாய். பிறகு ஏன்?"

நீங்கள் வைத்த பரீட்சை என்று நினைத்தேன் என்றேன்.

"பரீட்சையைத்தான் சொன்னேனே. கழற்றாதே என்று."

சுமதி அடுப்படியில் நின்று, "ஐ டோல்ட் ஹிம் டு கோல் யூ," என்றாள். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் என்னை ஒரு வெள்ளைக்காரரிடம் காட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. கிரஹாம் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அப்போதுதான் மோதகத்தைக் கடித்தார்.

இதற்கிடையில் அபி அறையை விட்டு வந்து ஃபோனை நீட்டினாள். நான் ஏழு தடவை பார்த்த அதே வீடியோ. பதினோராவது நிமிடத்தில் அதில் பேசுகிறவர் இரண்டு கையையும் விரித்து, என்ன செய்தாலும் வால்ப்பகுதியின் துருவைத் தொடாதீர்கள் என்று கெஞ்சுகிறார். நான் ஏழு தடவையும் ஒன்பதாவது நிமிடத்தில் நிறுத்தியிருந்தேன். இவருக்குப் பேச்சு அதிகம் என்று.

கிரஹாம் எழுந்தார். வாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நின்றேன். அவர் வெறுங்கையோடு வாசலுக்கு நடந்தார்.

"நல்ல கைக்குத்தான் கொடுப்பேன் என்றேன். இப்போது இதை வேறு எந்தக் கைக்கும் கொடுக்க முடியாது. கொண்டுபோய் வைத்தால் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். நீயே பார். உன்னுடையது."

"சேர், டிஸ்கவுன்ற் ஏதும்...?" என்றார் ஈசன் அத்தான். (தமிழர் கூட்டத்தில் இதைக் கேட்க ஒருவர் எப்போதும் இருப்பார். வழக்கமாக அது நானாக இருக்கும்.)

"கெடுத்தது அவர். நான் ஏன் குறைக்க வேண்டும்?" என்றார் கிரஹாம். முழு விலை கொடுத்தேன்.

சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். துரு திரும்பி வருமா?

நிமிர்ந்து பார்த்தார். முதன்முறையாக ஒரு சிரிப்பு, அதில் கொஞ்சம் விஷம். "வரும். யாரும் தொடாமல் விட்டால் ஓர் இருநூறு வருடத்தில் ஏதாவது தெரியும்."

அன்றிலிருந்து என் நிலைமை இது: கிழமைக்கு ஐந்து நாள் பணிமனையில் துருவை அழிக்கிறேன். மாதத்தில் ஒருநாள் வீட்டில் பிடியைக் கழற்றி, துரு வந்துவிட்டதா என்று பார்க்கிறேன். வருகிற மாதிரி ஒரு மங்கல் தெரிந்தால் மனம் துள்ளுகிறது. அநேகமாக அது டோர்ச்சின் நிழல். கிரஹாம் வருடத்துக்கு ஒருமுறை வாணி விழாவுக்கு வருவார். சுமதியோடு நல்ல சிநேகிதம். வாலைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, "இல்லை," என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, கடலையும் மோதகமும் கட்டிக்கொண்டு போவார். ஈசன் அத்தான் மெல்போர்னிலிருந்து ஃபோன் எடுத்தால் சுகம் கேட்பதில்லை. "கறள் பிடிச்சிட்டுதோ?" என்றுதான் தொடங்குவார். அந்தக் கேள்வி இப்போது சொந்தக்காரர் மத்தியில் லண்டன், ரொறன்ரோ வரை போய்விட்டது.

போன மாதம், அபி தானாகவே பார்த்து வைத்திருக்கும் பையனின் பெற்றோர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார்கள். நான் வேட்டி கட்டி, நல்ல அப்பாவுக்குரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பையனின் தாய் தேநீரைக் கையில் எடுத்ததும் கேட்டார்:

"அண்ணை, கறள் வளக்கிறது நீங்கள்தானோ?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்வது?

"எவ்வளவு காலம் எடுக்குமாம்?"

"இருநூறு வருசம்."

அவர் தன் கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தியளே, எவ்வளவு பொறுமையான மனுசன். இப்பிடி ஒரு சம்பந்தி ஆருக்குக் கிடைக்கும்?"

குசினிக்குள் சுமதி சிரித்த சிரிப்பில் ஒரு ரம்ளர் விழுந்து உடைந்தது.